சுருட்டை முடியோடு ஒரு படம்

முப்பத்தொரு படங்கள் எடுத்தாகிவிட்டது. முப்பத்தொன்றிலும் அக்ஷயாவின் கண்கள் மங்கலாக இருந்தன.

துடியலூரில் ஒரு வீட்டுக் கூடத்தின் தரையில் குப்புறப் படுத்தபடி, இல்மா கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படமெடுப்பதுதான் அவள் தொழில். பத்தில் ஒன்று மங்குவது சகஜம். எல்லாமே மங்கியது இதுதான் முதல் தடவை.

"நல்லா வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள் குழந்தையின் அம்மா லோகப்பிரியா.

"சித்த இருங்கக்கா, இன்னும் ரெண்டு எடுத்துப் பாக்கறேன்."

"நாளைக்குக் காலைல குலதெய்வம் கோயில்ல மொட்டைங்க. இந்தச் சுருட்டை மறுக்கா வருமோ வராதோ. எனக்குக்கூட மொட்டைக்கு முந்தி சுருட்டைதானாமா. ஒரு படம் இல்ல பாருங்க."

"எனக்கு மொட்டையே அடிக்கல, தானாப் போயிருச்சு" என்றான் கிருபாசங்கர், தன் முன்நெற்றியைத் தடவிக்கொண்டே. பம்பு செட்டுக்குத் தண்டு கடையும் லேத் பட்டறை வைத்திருப்பவன். மகளைப் படமெடுப்பதைப் பார்க்கவென்றே பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான்.

அக்ஷயா கண்ணைக் கசக்கினாள். பதினொரு மாதக் குழந்தை. இன்னும் அரைமணியில் தூங்கிவிடும். எழும்போது வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள். படம் இப்போது விழுந்தால்தான் உண்டு.

இல்மா ஒவ்வொன்றாக யோசித்தாள். குழந்தை நகர்ந்ததால் மங்கியிருக்குமா? இருக்காது. ஃபிளாஷ் எரிவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் எவ்வளவு வேகமாகத் தவழ்ந்தாலும் ஒரு நூலின் கனத்துக்கு மேல் நகர முடியாது. வெளிச்சத்திலும் குறையில்லை. குழந்தைக்குக் கண் கூசுமே என்று லோகப்பிரியா பயந்ததால், ஃபிளாஷின் தலையை வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்பியிருந்தாள். வெளிச்சம் சுவர் முழுக்கப் பரவி, அங்கே ஒரு பெரிய ஜன்னலைத் திறந்துவிட்டது போல மென்மையாக முகத்தில் விழுந்தது.

மிச்சம் லென்ஸ்தான். அதை அகலத் திறந்து வைத்திருந்தாள். அப்படித் திறந்தால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும்; ஆனால் முன்னும் பின்னுமாக ஒரே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் எதுவும் தெளிவாக விழும். சரி, கொஞ்சம் சுருக்கிப் பார்க்கலாம் என்று சுருக்கி ஒன்று எடுத்துக் காட்டினாள். கண் தெளிவாக இருந்தது. கூடவே குழந்தைக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்ற கேஸ் சிலிண்டரும் பளிச்சென்று இருந்தது.

"ஏனுங்க, இது சிலிண்டருக்கு விளம்பரமுங்களா?" என்றாள் லோகப்பிரியா.

"சிலிண்டருக்கும் ஒரு பொட்டு வச்சுரு அம்மணி, கண்ணு பட்டுரப் போவுது" என்றான் கிருபாசங்கர்.

பொட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் இல்மா அக்ஷயாவின் வலது கன்னத்தைப் பார்த்தாள். நாலணாக் காசு அளவுக்குக் கரிய மைப்பொட்டு. எடுத்த படத்தில் கேமரா எந்த இடத்தைக் குறிவைத்தது என்று ஒரு சிறு கட்டம் போட்டுக் காட்டும் வசதி உண்டு. அதைத் திறந்து முதல் படத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தாள். கட்டம் கன்னத்தில் இருந்தது. அடுத்ததிலும் கன்னத்தில். முப்பத்தொன்றிலும் பொட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இங்க வாங்க!" அவள் எழுந்தே விட்டாள். "இந்தக் கேமரா தானாக் கண்ணத் தேடிப் பிடிக்கும். வெளுத்த முகத்துல கருப்பா வட்டமா என்ன இருக்குன்னுதான் தேடும். பாப்பாவோட ஒரு கண்ணைச் சுருட்டை மறைச்சுருது. மீதி இருக்கறது ஒரு கண்ணும் இந்தப் பொட்டும். பொட்டுதான் பெருசு. அதையே கண்ணுன்னு நெனச்சுப்போட்டுது."

லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கண்ணு படக் கூடாதுன்னு வச்சது. உங்க கேமராவோட கண்ணையே இழுத்துப்போட்டுதுங்களே!"

"அப்ப பொட்டு நல்லாவே வேல செய்யுது" என்றான் கிருபாசங்கர். பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்மா, கன்னம் தெளிவா இருந்தா, பக்கத்துல இருக்கற கண்ணும் தெளிவாத்தான இருக்கோணும்?"

"பக்கத்துலதான் இருக்குங்கண்ணா. ஆனா பின்னால இருக்கு."

அவன் சட்டைப் பையிலிருந்து ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்தான். மகளின் முகத்தருகே பக்கவாட்டில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அக்ஷயா ஸ்கேலை நக்கப் பார்த்தாள்.

"பன்னண்டு மில்லி. கண்ணவிடக் கன்னம் அத்தன முன்னால நிக்குது."

"நமக்குத் தெளிவாக் கெடைக்கறது மொத்தமே பத்து மில்லிங்கண்ணா. அதும் பொட்டுக்கு முன்னாடி பாதி, பின்னாடி பாதி."

"அப்பக் கண்ணு வெளிய போயிருதே!" பட்டறையில் ஒரு தண்டு அளவில் பிசகியது போல அவன் தலையை ஆட்டினான். "பொட்டை அழிச்சுப்போடு லோகா."

"அழிக்கறதுங்களா? படத்தை ஊரே பாக்குமுங்க. நான் ஸ்டேட்டஸ் வைக்கோணும். பொட்டில்லாம என்ற புள்ளைய யாருக்கும் காட்டமாட்டேன்."

கிருபாசங்கர் இல்மாவைப் பார்த்தான். இல்மா ஸ்கேலைப் பார்த்தாள்.

"அழிக்க வேண்டாங்கக்கா. எடத்த மட்டும் மாத்துங்க. அண்ணா, சுருட்டை மறைக்காத பக்கம், புருவத்தோட ஓரம் எவ்வளவு முன்னால நிக்குதுன்னு பாருங்க."

அவன் மறுபடியும் ஒரு கண்ணை மூடினான். "ரெண்டு மில்லி. அவ்வளவுதான்."

லோகப்பிரியா ஈரத் துணியால் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மை டப்பாவைத் திறந்து, புருவத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். அளவில் மட்டும் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளவில்லை. இல்மா லென்ஸை மறுபடி அகலத் திறந்து தரையில் படுத்தாள். கிருபாசங்கர் ஸ்கேலால் தரையில் தட்டினான். அக்ஷயா நிமிர்ந்து பார்த்தாள். சுவர் ஒருமுறை மின்னியது.

மூவரும் தலைகளை ஒட்டி வைத்துத் திரையைப் பார்த்தார்கள். சிலிண்டர் கரைந்து சிவப்பாக ஒரு தீற்றல். நெற்றியில் புரளும் சுருட்டை. கேமரா இந்தத் தடவையும் ஏமாந்து பொட்டைத்தான் பிடித்திருந்தது; ஆனாலும் கண், இமைமயிர் எண்ணும்படித் தெளிவாக விழுந்திருந்தது.

தன் நோட்டில் அடுத்த வீட்டுக்காக இல்மா எழுதிக்கொண்டாள்: பொட்டு கன்னத்தில் வேண்டாம், கேமராவிலிருந்து கண் இருக்கும் அதே தூரத்தில், புருவத்தின் ஓரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.