நரம்பு எந்தப் பக்கம்

என் மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயத்தை இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மகளுக்கு வலது பக்கக் கடைசிக் கடைவாய்ப்பல் கோணலாக முளைத்துக் கன்னம் வீங்கியபோதும் முதல் வைத்தியர் அவர்தான்.

"ஒரு பல்லு. புடுங்கிப் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் எதுக்கு ஸ்கேனு?"

மகள் இசைப் பள்ளியில் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. பல்லின் வேரை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறதாம். அது அறுந்தால் கீழ் உதடு மரத்துப்போகலாம். உதடு மரத்துவிட்டால் குழலில் வெறும் காற்றுதான் வரும். சாதா எக்ஸ்ரேயில் வேரும் நரம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்ததால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றாள் பல் டாக்டர்.

மோவாயைத் தாங்கியில் வைத்து, மகள் சிலையாக நின்றாள். இயந்திரத்தின் கை அவள் தலையைச் சுற்றி வந்தது. வெளியே மாப்பிள்ளை வாய்தான் அடங்கவில்லை.

"கதிர்வீச்சு, அத்தை! மூளைய வேகவச்சிரும்."

"உங்களுக்கு அந்தப் பயமே வேண்டாம், மாப்பிள்ளை."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

திரையில் மகளின் தாடை எலும்பு பொம்மைபோல் சுழன்றது. நரம்பைச் சிவப்பில் காட்டியிருந்தார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை திரைமேல் விரலை ஊன்றினார்.

"பாத்தீங்களா? பல்லு எங்கியோ, நரம்பு எங்கியோ! நாளைக்கே புடுங்கிருங்க."

"அப்ப பயமில்லையா?" மகள் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்க காட்டறது அவங்களோட எடது பக்கம்," என்றாள் டாக்டர். "ஆள் எதிர்ல உக்காந்திருக்கற மாதிரிதான் படம் வரும். வலி இருக்கற பல்லு இந்தப் பக்கம்."

படத்தைத் திருப்பினாள். சிவப்புக் கோடு இரண்டு வேர்களுக்கு நடுவே புகுந்து போனது.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் மாப்பிள்ளை.

மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "டாக்டர், உதடு போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது."

"பல்லோட மேல்பாகத்த மட்டும் வெட்டி எடுத்துடலாம். வேர் அங்கேயே இருக்கட்டும். நரம்புகிட்டயே போக வேணாம்."

"அதென்ன, பாதி வேலை?"

"என்னங்க, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க," என்றாள் மகள்.

டாக்டர் சொன்னபடியே பல்லின் மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வீக்கம் வடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகு, மகள் குழலை உதட்டில் வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுத்தமாக வந்தது முதல் ஸ்வரம்.

கூடத்தில் மாப்பிள்ளை ஃபோனில் யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். "நரம்பு எங்க ஓடுதுன்னு நான்தான்டா ஸ்க்ரீன்ல தொட்டுக் காட்டினேன். டாக்டரே அசந்துட்டா!"

மகள் எழுந்து போய் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.