அவர் சொன்ன மூன்று

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடக்க, ஊர் வைத்தியம் உசத்தியா, நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டு வைத்தியம் உசத்தியா என்று என் தலைக்கு மேலே பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்சி என் வீட்டுக்காரர். எதிர்க்கட்சி ஊரிலிருந்து வீடியோ காலில் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி முறை. தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை.

“இங்க காலையில ஸ்கேன் எடுத்தா சாயங்காலம் ரிப்போர்ட். தெருவுக்கு நாலு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க என்னடான்னா டாக்டர் மூஞ்சியப் பாக்கவே தவம் கிடக்கணும்” என்றார் அண்ணி.

“அக்கா, அங்க காசு இருந்தாத்தான் ஸ்கேன். இங்க எல்லாருக்கும் ஒண்ணுதான். எதுக்கெடுத்தாலும் ஊசியத் தூக்கிட்டு வர மாட்டாங்க. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு” என்றார் இவர். இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளையெல்லாம் தானே செங்கல் சுமந்து கட்டியதுபோல ஒரு பெருமை.

அந்த முறை இதுதான். உடம்புக்கு முடியவில்லை என்று நேராக டாக்டரிடம் போய் நிற்க முடியாது. முதலில் போன் செய்ய வேண்டும். நர்ஸ் ஒருத்தி எடுத்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். நாம் சொல்லும் எண்ணைப் பொறுத்துத்தான் மாத்திரையா, டாக்டரா, ஆம்புலன்ஸா என்பது முடிவாகும்.

வலது விலாவுக்குக் கீழே இந்த வலி வருவது இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் போன் செய்தது இவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு தடவையும் “மூணு இருக்கும்” என்றார். எங்கள் பழக்கம் அப்படி. சாகக் கிடந்தாலும் ‘கொஞ்சம் முடியல’ என்றுதான் சொல்வோம். ஊரில் அது செல்லும். டாக்டர் அதை நம்பாமல் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். இங்கே மூன்று என்றால் மூன்றுதான். இரண்டு மாத்திரை, நிறையத் தண்ணீர், ஓய்வு.

அதற்காக அண்ணி கட்சியில் நான் சேர்ந்துவிடவில்லை. போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது எனக்குக் காய்ச்சல். அண்ணிதான் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்து, “இவங்களுக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டார். பசி, தூக்கம், மாதவிலக்கு, எல்லாவற்றுக்கும் அண்ணியே பதில் சொன்னார். நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை, தெர்மாமீட்டருக்காக.

நான் இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறவள். தினமும் பஸ் நிறைய ஜனங்கள் என்னை நம்பி ஏறுகிறார்கள். என் வயிறு வலிக்கிறது என்று சொல்ல மட்டும் எனக்கு ஆள் வேண்டுமா? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க” என்றேன்.

அண்ணியிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. திரையில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து இவர் போனைத் தட்டிப் பார்த்தார்.

எழுந்து உட்கார்ந்து என் போனில் நானே அந்த எண்ணை அழுத்தினேன்.

“இரு, நான் பேசுறேன். நீ கத்தினா நாடகம் போடுறோம்னு நெனச்சுக்குவாங்க.”

“நெனச்சுக்கட்டும். வலி எனக்கு. நம்பரையும் நானே சொல்லிக்கிறேன்.”

நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள். “ஒன்பது” என்றேன். இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“போன வாரம் மூணுன்னு இருக்கே?” என்றாள் அவள்.

“அது என் புருஷனுக்கு வலிச்சது. அவருக்கு இப்பவும் மூணுதான்.”

அந்தப் பக்கம் அவள் எதையோ அழித்துவிட்டுத் திரும்பத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “குளிர் ஜுரம் இருக்கா? கண்ணு மஞ்சளா இருக்கா?” என்று கேட்டாள். குளிர் இருந்தது. கண்ணைப் பார்க்கச் சொல்லி இவரிடம் காட்டினேன். பார்த்ததும் இவர் முகம் மாறியது. “ஆமா” என்றேன் நர்ஸிடம். “எங்கயும் போகாதீங்க, வண்டி அனுப்புறேன்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்ததும், “அவளுக்கு என்னன்னா...” என்று இவர் ஆரம்பித்தார்.

“நீங்க வெளிய உக்காருங்க” என்றேன். போய்விட்டார். விலாவுக்குக் கீழே டாக்டரம்மா விரலை வைத்ததும் நான் போட்ட கூச்சல் வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

பித்தப்பையில் கல். சீழும் பிடித்துவிட்டது. “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வெடிச்சிருக்கும். இன்னைக்கே எடுத்துடணும். உங்களுக்குச் சம்மதமா? வீட்டுல யாரையாவது கேக்கணுமா?” என்றார்.

வெளியே இவர் கையிலிருந்த போனில் அண்ணி இன்னும் ஓயவில்லை. “டேய், அங்க கத்தி வைக்க விடாதடா. டிக்கெட் போட்டு இங்க அனுப்பு” என்ற குரல் திரையைத் தாண்டி வந்தது.

“என்னைக் கேட்டுட்டீங்கல்ல? அது போதும். எடுங்க” என்றேன்.

மறுநாள் கண் விழித்தபோது இவர் பேயறைந்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “வெடிச்சிருக்குமாம். நான் போய் மூணுன்னு...” என்று சொல்லி முடிக்காமல் அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் கூடுதல்.

நர்ஸ் உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்து, “இப்ப வலி எத்தனை?” என்றாள். பழக்க தோஷம், இவர் வாய் திறந்தது. என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

“ஏழு” என்றேன்.

உண்மையில் நான்குதான். அவர் சொன்ன மூன்றை அதோடு கூட்டிக்கொண்டேன்.