நாவடிக் கற்கள்

1926ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் கண்டிக்கு அருகே ஹந்தானை மலையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் நாக்குக்கு அடியில் கற்கள் விளையத் தொடங்கின. சொல்ல வேண்டியது ஒன்று இருந்து, அதைச் சொல்ல மொழியில்லாமல் திரும்பி வந்தவளுக்கு அன்று மாலையே ஒரு கல் கிடைத்தது. கண்டி ஆஸ்பத்திரியில் உண்டானது மஞ்சள். தபால் கந்தோரில் உண்டானது சாம்பல். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உண்டானது கறுப்பு. வலி எதுவும் இல்லை. துப்பினால் கையில் விழும், ஆனால் மறுநாள் நாக்கின் கீழே திரும்பி வந்திருக்கும். மழைக் காலத்தில் இப்படி வரக்கூடியதுதான் என்று தோட்டத்து டாக்டர் ஐயா எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்கள் கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் முஹைதீனின் புடவைக் கடைக்கு வருவார்கள். கல்லை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் சீத்தைத் துணி கேட்பார்கள். முஹைதீனின் மகள் சித்தி றலியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கன்னியாஸ்திரிகளிடம் எட்டு வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு, பேச ஆளில்லாமல் வீட்டிலிருந்தவள். கற்களைப் பார்த்த அடுத்த ஞாயிறே கடையின் பின்னறையில் பாய் விரித்து வகுப்பைத் தொடங்கினாள். தான் படித்த முதற் புத்தகத்தையே எடுத்தாள். அதன் முதற் பாடம் கப்பல். நான்கு ஞாயிறுகளில் பன்னிரண்டு பெண்களும் பாய்மரம், நங்கூரம், மாலுமி அனைத்தையும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னார்கள். ஒரு கல்கூடக் கரையவில்லை.

“கப்பல் எதுக்கு மகள்?” என்றார் முஹைதீன், துணியை மடித்துக்கொண்டே. “இவங்க அதுல இருந்து இறங்கித்தானே மலைக்கு நடந்து வந்தாங்க.”

சித்தி றலியா மூன்று நாள் கோபத்தில் கடைப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ஞாயிறு எதையும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கற்களை வாங்கி, நிறம் பிரித்துச் சுளகில் பரப்பி, ஒவ்வொன்றும் எங்கே, யார் முன்னால், என்ன சொல்லப் போய் உண்டானது என்று கேட்டு எழுதினாள். மஞ்சள் கல் வைத்திருந்தவர்களுக்கு ஆங்கிலமே வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவர் சிங்களவர். ஆகவே அவர்களுக்கு வயிற்றுவலி, காய்ச்சல், எத்தனை நாள் என்பவற்றைச் சிங்களத்தில் கற்பித்தாள். இரண்டு வாரத்தில் மஞ்சள் கற்கள் கற்கண்டுபோலக் கரைந்தன. சாம்பல் கற்கள் தைப்பொங்கலுக்கு முன் தீர்ந்தன.

பாலம்மாவின் கறுப்புக் கல் மட்டும் நெல்லிக்காய் அளவில் அப்படியே கிடந்தது. அவளுடைய மகள் சீதாவுக்கு ஒன்பது வயது, தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். பெரிய கங்காணி, மாசி மாதத்திலிருந்து சீதாவைக் கொழுந்து பறிக்க எடுப்பதாகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, தாயே கேட்டுக்கொண்டதாகத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லியிருந்தார். துரைக்குத் தமிழ் தெரியும் என்று ஊரில் பேச்சு. பதினொரு வருடங்களுக்கு முன் அவர் படித்த தமிழ்ப் புத்தகத்தில் வா, போ, எடு, சுருக்கா என்பவை மட்டுமே இருந்தன. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. கட்டளைக்கு மேற்பட்ட பேச்செல்லாம் கங்காணியின் வாய் வழியாகவே போய் வந்தது.

பாலம்மாவுக்காகச் சித்தி றலியா ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் தயாரித்தாள். எல்லாம் மரியாதையானவை, தயவுசெய்து என்று தொடங்குபவை. பாலம்மா அவற்றை ஒரே வாரத்தில் மனனம் செய்தாள். கல் சற்றுப் பெருத்தது.

“அக்கா, நான் எழுதினத விடுங்க. துரை முன்னால நிக்கக்குள்ள உங்கட வாயில வந்தது என்ன?”

“கெஞ்சுறதுக்கு எனக்குப் படிப்பு வேணுமா புள்ள? அதத்தான் கங்காணிகிட்டத் தமிழ்லயே கெஞ்சித் தீத்தாச்சு.” பாலம்மா கல்லைக் கன்னத்தில் ஒதுக்கினாள். “அவரு சொன்னது எம் பேச்சு இல்லன்னு சொல்லணும். எம் மக பள்ளிக்கொடம் போவான்னு சொல்லணும். கேக்குறதுக்கு இல்ல, சொல்லுறதுக்கு.”

சித்தி றலியா ஐந்து வாக்கியங்களையும் கிழித்துப்போட்டு மூன்று எழுதினாள். பிறகுதான் இன்னொன்று தோன்றியது: சொன்ன பின் துரை ஏதாவது திருப்பிக் கேட்பாரே. அந்த வாரம் முழுவதும் பெண்கள் பெரட்டில் துரையின் வாயையே கவனித்தார்கள். ஆளுக்கு ஒரு பேச்சு என்று பங்கு பிரித்து, அர்த்தம் தெரியாமலே ஒலியைச் சிந்தாமல் பிடித்துவந்து ஞாயிறன்று பின்னறையில் இறக்கினார்கள். எத்தனை வயது, யார் சொன்னது, எப்போதிருந்து. அவர்களில் கமலம் என்பவள் கொண்டுவந்தது, கங்காணியின் பேச்சை வெட்டத் துரை தினமும் சொல்வது: விஷயம் அதுவல்ல. சித்தி றலியா அவற்றையும் பாடத்தில் சேர்த்தாள்.

மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை, பனி விலகாத பெரட்டுக் களத்தில் இருநூறு பேர் நிற்க, பாலம்மா வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்து மூன்று வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் சொன்னாள். கங்காணி, “இவளுக்கு என்னாங்க தொரை தெரியும்” என்று பாய்ந்தார். துரை கையை உயர்த்தினார். எத்தனை வயது என்று கேட்டார். ஒன்பது என்றாள். உனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். விஷயம் அதுவல்ல என்றாள், அவருடைய குரலிலேயே. துரை பட்டியலை வாங்கிச் சீதாவின் பெயரைத் தன் கையால் வெட்டினார். பாலம்மாவின் கல் கரைந்து வெற்றிலைச் சாறுபோலக் கடைவாயில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள். அன்றைக்கு அந்த மலையில் குனிந்து நடந்த பெண் ஒருத்தியும் இல்லை.

அதன்பின் வகுப்பு வளர்ந்தது. திகனவிலிருந்து வியாபாரிகளின் மனைவிமாரும் தெல்தெனியவிலிருந்து வண்டி பிடித்து வந்தவர்களும் தங்கள் கற்களை லேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்த பாடம் இன்னொருவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1931இல் பின்னறை போதாமல் முஹைதீன் சுவரை இடித்தார். மகளின் வகுப்பு என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

1933ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு, அதே துரை கடைக்கு முன்னால் குதிரையிலிருந்து இறங்கினார். அவருடைய உள்ளங்கையில் பாக்கு அளவில் வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. பின்னறை பெண்களுக்கானது என்று முஹைதீன் சொன்னதால், வெளியே வாங்குப் பலகையில், சந்தையில் வாங்கிய உப்புக் கருவாட்டுப் பொட்டலங்களோடு முறைக்காகக் காத்திருந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தி றலியா உள்ளேயிருந்து பாலம்மாவை அனுப்பினாள். புதியவர்களின் கல்லைப் பார்ப்பது இப்போது பாலம்மாவின் வேலை. அவள் கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே உண்டானது, யார் முன்னால், என்ன சொல்லப் போனீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நேரமெடுத்துப் பதில் சொன்னார். வீதியில் யாரும் நின்று பார்க்கவில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.