எந்த பாபாக்கான்?

பிற்பகல் மூன்றேகாலுக்கு, எல்லர்ஸ்லியில் உள்ள தன் அலுவலகத்தில், யுவனேஸ்வரி தன் தவறைக் கண்டுபிடித்தாள்.

மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். ஆக்லாந்து வந்து ஆறு வருடம். மேற்கு ஜாவாவில் சுந்தா மக்கள் வாழும் சிகாபுத் என்ற மலை வட்டத்துக்கு நிலச்சரிவு எச்சரிக்கை வரைபடம் தயாரிப்பது அவள் வேலை. தேயிலைச் சரிவுகளும் முட்டைக்கோஸ் வயல்களுமாக ஒன்பது ஊராட்சிகள். மூன்று நாளாக அங்கே மழை. அன்று காலை மண் நகர்வதாகக் கருவிகள் காட்டியதும், காலி செய்ய வேண்டிய குடியிருப்பின் பெயரை, வேலையை ஒப்படைத்த நிறுவனத்தின் வழியாக அவள்தான் வட்ட அலுவலகத்துக்கு அனுப்பினாள்: மேகர்வங்கி ஊராட்சி, பாபாக்கான்.

அவள் கணக்குப்படி அங்கே நூற்று நாற்பது பேர். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வெளியேற்றியதாகப் பதில் வந்திருந்தது. உறுத்தியது. பழைய அரசாணைகளைத் தேடினாள். மூன்று வருடத்துக்கு முன் மேகர்வங்கி இரண்டாகப் பிரிந்திருந்தது. சரிவுக்குக் கீழே இருந்த பாபாக்கான், சுகலங்கித் என்ற புது ஊராட்சிக்குப் போய்விட்டது. மேகர்வங்கியில் மிஞ்சியது மேட்டிலிருந்த இன்னொரு பாபாக்கான். அவளுடைய வரைபடத்தில் இன்னும் பழைய எல்லை.

மேட்டுக்காரர்களை எங்கே தங்க வைத்தார்கள் என்று பார்த்தாள். பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடம். சரிவுக்கு நேர் கீழே.

மேலதிகாரி மாரிசாமியிடம் ஓடினாள்.

"மெயில் போடலாம்மா. கிளையன்ட் மூலமாத்தான் போகணும். நாம நேரடியா பேசக்கூடாது."

"யாரு படிப்பாங்க அண்ணே? அங்க மழை கொட்டுது. நான் போன் போடுறேன்."

"கான்ட்ராக்ட்ல..."

"என் மேல போட்டுக்கோங்க."

இந்தோனேசிய மொழிக்கு நெருக்கமான மலாய் தெரிந்தது அன்று உதவியது. வட்ட அலுவலகத்தில் அசெப் என்ற எழுத்தர் எடுத்தார்.

"பாபாக்கான் காலி பண்ணியாச்சு மேடம். எல்லாரும் ஸ்கூல்ல இருக்காங்க."

"எந்த பாபாக்கான்?"

அவர் தாள்களைப் புரட்டினார். "மேகர்வங்கி. உங்க லிஸ்ட்ல அப்படித்தானே இருக்கு?"

"லிஸ்ட் தப்பு. நான் போட்ட தப்பு. சுகலங்கித்ல இருக்கற பாபாக்கான் மேலதான் மண்ணு இறங்கப் போகுது. ஸ்கூலும் அதே வழியில இருக்கு."

அவர் யாரிடமோ சுந்தா மொழியில் கத்தினார். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகு சுகலங்கித் ஊராட்சித் தலைவி நினிங்கின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பள்ளிக்குத் தானே போவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

மூன்றாவது முறைதான் நினிங் எடுத்தாள்.

"காலையிலேருந்து கிணத்துல சேறு வருது. ரெண்டு தடவை சொன்னேன். லிஸ்ட்ல எங்க ஊர் இல்லைன்னுட்டாங்க. நீங்க யாரு?"

"அந்த லிஸ்ட் போட்டவ. மேட்டுக்கு ஏறுங்க, இப்பவே."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"தெரியலை."

இணைப்பு அறுந்தது.

மாரிசாமி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மடிக்கணினியைத் திறந்து, "கிளையன்ட்டுக்கு எழுதுறேன். லிஸ்ட்டை நானும்தான் பார்த்து ஓகே பண்ணேன். அதையும் எழுதுறேன்" என்றார். ஐந்து மணிக்கு மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்கள். ஐந்து பத்துக்குத் திரையில் சரிவிலிருந்த ஒரு கருவியின் குறி அணைந்தது. அடுத்த நிமிடமே இன்னும் இரண்டு.

ஆறரைக்கு அசெப் அழைத்தார். மூச்சு வாங்கியது. பதினான்கு வீடுகள் போய்விட்டன. பள்ளியின் பாதிச் சுவர் இல்லை. ஆட்களெல்லாம் மேட்டில்.

"எல்லாருமா?"

"ஒருத்தர் ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனார். இன்னும் கிடைக்கலை."

பெயரைக் கேட்டாள். ஓமான், அறுபத்தொரு வயது. எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவர் உடல் கிடைத்தது. அதற்கு மறுநாள் விசாரணைக் கூட்டத்தில், எல்லையைச் சரிபார்க்காமல் அனுப்பியது தான்தான் என்று யுவனேஸ்வரி எதையும் மறைக்காமல் சொன்னாள். வேலை போகவில்லை. ஒன்பது ஊராட்சித் தலைவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசி எல்லைகளைப் புதிதாக வரையச் சொன்னார்கள்.

முதலில் நினிங்கை அழைத்தாள். மன்னிப்புக் கேட்டாள்.

"எங்க எல்லையை வடக்கே ஓடையிலேருந்து ஆரம்பிங்க," என்றாள் நினிங். "எழுதிக்கிறீங்களா?"