பத்து நிமிஷம்

பனிக்கடலோர ஊரான போட்ஸ்ஃபியூரிலிருந்து பக்கத்து ஊர் பெர்லெவோக்குக்கு விமானத்தில் பத்தே நிமிஷம். காரில் போனால் மலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம். அந்தக் கணக்கை நம்பித்தான் போர்கில் அன்று மத்தியானம் போட்ட சட்டையோடு வீட்டை விட்டு ஓடிவந்தாள்.

விமான நிலைய வாசலிலேயே புருஷன் தோர்மூட் மறித்தான். கார்க் கண்ணாடியில் பனி வழிக்கிற கட்டையால் வாயிலேயே ஒன்று வைத்தான், பாவி! நாலு பேர் பிடித்து இழுக்க இழுக்கக் கத்தினான்.

"பறடி, பற! உன் ஒத்தக்கை அண்ணன்கிட்டதானே போற? நான் ரோட்டுலயே வர்றேன். அவன் மிச்சக் கையையும் ஒடிச்சுட்டுத்தான் உன்கிட்ட வருவேன்!"

சொன்னால் செய்கிறவன். அவன் பெர்லெவோக் வருவதற்குள் அங்கிருக்கும் அண்ணன் ஹால்வரை இழுத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட வேண்டும். வாயில் ஆடிக்கொண்டிருந்த பல்லைத் துப்பிவிட்டு விமானம் ஏறினாள்.

பெர்லெவோக்கில் பேய்க்காற்று. விமானம் இரண்டு தடவை இறங்கப் பார்த்தது, முடியவில்லை. வந்த வழியே திரும்பியது.

"ஐயோ, திருப்பாதீங்க!" என்று போர்கில் அலறினாள்.

"என்னக்கா பண்றது? திரும்பிப் போகவும் பத்து நிமிஷம்தான்," என்றாள் விமானப் பணிப்பெண் சில்யே, ரத்தம் துடைக்கக் காகிதம் கொடுத்தபடி.

போட்ஸ்ஃபியூரில் தோர்மூட்டின் கார் இல்லை. மலை ஏறிவிட்டான். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வரட்டுமே. அவனுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கவா? போம்மா," என்று ஹால்வர் வைத்துவிட்டான். திமிர் பிடித்த குடும்பம். இரண்டு ஊரிலும் போலீஸ் கிடையாது; வேறு ஊரிலிருந்து மலை தாண்டி வர வேண்டும், தோர்மூட்டை முந்தாது.

புயல் நாளில் மலைமேல் யாரும் தனியாக ஓட்ட முடியாது. பனி தள்ளும் வண்டி முன்னால் போகும், கார்கள் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். வரிசையை விட்டு வண்டியைத் திருப்பினவன் செத்தான். அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். போர்கிலுக்குத் தெரியாதா?

தோர்மூட்டைக் கூப்பிட்டாள்.

"விமானம் இறங்கல. நான் இங்கதான் இருக்கேன். வீட்டுக்குப் போறேன், உன் துப்பாக்கியை எடுத்துக் கடல்ல போடுறேன். ஆம்பளையா இருந்தா வா."

"அங்கயே இருடி, நாயே! இப்பவே வர்றேன்!"

போனில் அவனுக்குப் பின்னால் வந்த கார்களின் ஹாரன் கேட்டது. எஞ்சின் உறுமியது. அவன் திட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று திட்டு நின்றது.

"ரோடு எங்க... போர்கில்!"

தகரம் நசுங்குகிற சத்தம். அப்புறம் வெறும் காற்று. அதற்குள் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, வர்றானாமா?" என்று கூடவே இறங்கி வந்திருந்த சில்யே பயந்துபோய்க் கேட்டாள்.

"வர்றேன்னுதான் சொன்னான்."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது. முனகல் கேட்டும் எழுந்திருக்கவில்லை. ஒன்று முப்பது ஆனதும்தான் அவன் லைனை வெட்டிவிட்டுப் போலீஸுக்குப் போன் போட்டாள்.