இம்மிக்குக் கீழே

இம்மி என்றால் எண். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. செங்கல்பட்டில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறவன் நான். ஒன்றை முந்நூற்று இருபதாகப் பிளந்தால் முந்திரி, அதையும் பிளந்து பிளந்து இறங்கினால் இம்மி என்று என் அத்தா கடையில் கிடந்த பழைய எண்சுவடியில் சின்ன வயசிலேயே படித்தாயிற்று. இந்த அமானுல்லாவிடம் கணக்கில் யாரும் வாலாட்ட முடியாது.

எங்கள் தமிழய்யா தர்மராஜ் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். இம்மி முதலில் அரிசி, அப்புறம்தான் எண் என்பார். மணலில் முளைக்கிற ஏதோ ஒரு புல்லின் அரிசியாம். கைக்கு அகப்படுகிற தானியங்களிலேயே பொடிசு அதுதானாம். அதனால் கணக்கர்கள் அந்தப் பேரைத் தூக்கித் தங்கள் பொடி எண்ணுக்கு வைத்துக்கொண்டார்களாம். அந்த அரிசியை நீர் கண்ணால் பார்த்தீரா என்று கேட்டால் மட்டும் ஆள் கப்சிப். அதற்காகவே நான் தினமும் கேட்பேன்.

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, அவருக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு குழு அகராதி தயாரித்துக்கொண்டிருந்தது. தர்மராஜ் எட்டு வருஷமாக லீவு நாளெல்லாம் ஊர் ஊராகப் போய், ஜனங்கள் வாயில் வருகிற சொற்களைச் சீட்டில் எழுதி அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சம்பளம் ஒரு பைசா கிடையாது. சீட்டுகள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன.

கடிதத்தை என்னிடம் நீட்டினார். அகராதி ஆசிரியர் உலகநாதன் எழுதியிருந்தார்: இம்மி என்பதற்குப் புல்லரிசி என்று பழைய அகராதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வைத்திருக்கின்றன, இன்றைக்கும் அந்தச் சொல் திருவிடந்தையில் வழங்குகிறது என்ற உங்கள் சீட்டை நம்ப முடியவில்லை, இது வீட்டில் உட்கார்ந்து எழுதியதென்றால் மற்ற மூவாயிரத்தையும் என்னவென்று எடுத்துக்கொள்வது, சனிக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் வருகிறேன், தானியத்தைக் காட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் சீட்டுகள் அத்தனையையும் நீக்கிவிடுவோம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தர்மராஜைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை உண்டு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் டப்பாவிலிருந்து ஊறுகாய் தின்கிறவன் நான். முகம் பார்க்காத ஒரு மனுஷன் அவரைப் புளுகன் என்று சொல்வதா?

"யார்கிட்ட அந்தச் சொல்லைக் கேட்டீர்?" என்றேன்.

"பூவாயின்னு ஒரு பொம்பளை, பாய். சவுக்குத் தோப்பில் சருகு கூட்டி விற்கிறவள். பேச்சுவாக்கில் சொன்னாள். நான் தானியத்தைக் கேட்டு வாங்கவில்லை. புத்தி கெட்டுப்போய் வந்துவிட்டேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டோம். ஜும்மாவைக் கோவளத்தில் தொழுதுகொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கே பஸ் மாறித் திருவிடந்தை. வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே போனேன். எனக்கே தெரியாமல் என் கட்சி மாறிவிட்டிருந்தது. அந்தப் புல்லரிசி இருந்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பூவாயியைத் தோப்பிலேயே பிடித்துவிட்டோம். முப்பத்தைந்து வயசிருக்கும். சருகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நாங்கள் கேட்டதும் ஒரு இடத்தைக் காட்டினாள். மணலில் படர்ந்த புல், காக்கா காலைப் போல விரிந்த கதிர். ஓடிப்போய்ப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்தேன். வெறும் உமி. இன்னொன்று, அதுவும் உமி. தோப்பு முழுக்கத் தேய்த்துப் பார்த்தோம், ஒரு மணி அகப்படவில்லை. தர்மராஜ் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"தையிலயே எறும்பு வாரிக்கினு பூட்ச்சி சார். அதாண்ட போயி கேளுங்க," என்றாள் பூவாயி.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாலு மரம் தள்ளி ஒரு எறும்புப் புற்று. வாயைச் சுற்றி வளையமாக உமி குவிந்திருந்தது. தானியத்தை உள்ளே வைத்துவிட்டு உமியை எறும்பு வெளியே தள்ளிவிடுமாம். அரிவாள் நுனியால் ஒரு பக்கமாகக் கீறிக் கீறி மண்ணை எடுத்தாள். ஒரு முழம் போயிருக்கும். சின்னச் சின்ன அறைகள் திறந்தன. உள்ளே செக்கச்செவேலென்று, கசகசாவைப் போல, தானியம்.

தர்மராஜ் பேண்ட்டோடு மண்டி போட்டுவிட்டார். எறும்பு ஏறிக் கடித்தது, இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நான் சிரித்தேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணக்கு தோற்றதில் அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாதியை மட்டும் முந்தானையில் அள்ளிக்கொண்டு பூவாயி புற்றை மூடினாள். மீதியை ஏன் விட்டாய் என்றேன். "அதுக்கும் வவுறு கீதில்ல," என்றாள்.

நாளைக்கு மெட்ராஸ்காரருக்கு மாமல்லபுரத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லி நான் கைக்குட்டையை விரித்தேன். அவள் தரவில்லை. மண்ணும் எறும்புமாக இருப்பதை எப்படிக் கொடுப்பது, சுத்தம் பண்ணி நாளைக்குக் காலையில் மாமல்லபுரத்துக்கு நானே கொண்டுவருகிறேன் என்றாள். தர்மராஜ் நாசூக்கான மனுஷர், சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கு ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டிருந்தது, நானும் வற்புறுத்தாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு உலகநாதன் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு பூதக் கண்ணாடி. குடும்பத்தைச் சிற்பம் பார்க்க அனுப்பிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எங்களுக்குக் கால் மணி நேரம் என்றார். பத்து நிமிஷம் போயிற்று. அடுத்த பஸ்ஸில் பூவாயி வந்தாள். இடுப்பில் துணி சுற்றிய ஒரு தூக்கு.

மூடியைத் திறந்தாள். கஞ்சி.

"தானியம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"இதான். ஊற வச்சி இடிச்சி காச்சிக்கினு வந்தேன்."

"எல்லாத்தையுமா?"

"அது இன்னா பெரிய மலையா, எடுத்து வச்சிக்கறதுக்கு? தேடி வந்து கேட்ட மனுசாளுக்குப் பச்சையாவா குடுப்பாங்க? அது பிச்சைக்காரனுக்குப் போட்றா மாரி."

தர்மராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "கஞ்சியைச் சீட்டில் ஒட்ட முடியாது, தர்மராஜ்," என்றார். கேழ்வரகைக் காய்ச்சி எடுத்துவந்தும் இப்படிச் சொல்லலாம் என்று சேர்த்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் அவர் வழியை மறித்து நின்றேன். எங்களை நம்ப வேண்டாம், ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டே உங்களுக்காகச் சுமந்து வந்தவள் முன்னால் குடிக்காமல் எழுந்து போவது மனுஷத்தனமில்லை என்று சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரன் வாயைப் பிளந்து பார்த்தான். உலகநாதன் என்னை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து டம்ளரை வாங்கினார். பூவாயி எங்கள் மூன்று பேருக்கும் ஊற்றினாள்.

அவர் பாதி குடித்தார். நிறுத்தினார். நாக்கு வாய்க்குள் எதையோ துழாவியது. கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பிற்று. கடைவாய்ப் பல்லில் விரலை விட்டுப் பார்த்தார், வரவில்லை. பூவாயி தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பெரிய மனுஷர், திரும்பி உட்கார்ந்து, குத்திக் குத்தி எடுத்தார்.

விரல் நுனியில் செக்கச்செவேலென்று ஒன்று. இடிபடாமல், வேகாமல், முழுசாக.

"எவ்ளோ இடிச்சாலும் ஒண்ணு ரெண்டு தப்பிச்சிக்கும் சார். பொடிசு இல்ல?" என்றாள் பூவாயி.

உலகநாதன் பூதக் கண்ணாடியை எடுத்தார். பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். இது கேழ்வரகும் இல்லை, சாமையும் இல்லை, மேலே சுருக்கம் சுருக்கமாக வேறு மாதிரி இருக்கிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு பூவாயியைப் பார்த்து இதற்குப் பேர் என்ன என்று கேட்டார்.

"இம்மி."

"இம்மி என்றால் என்ன?"

இது ஒரு கேள்வியா என்று அவள் எங்களைப் பார்த்தாள். "நெல்லு இல்லன்னா கேவுரு. கேவுரு இல்லன்னா சாமை. சாமையும் இல்லாத வருசத்துல இம்மி. அதுக்குக் கீழ பொறுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

உலகநாதன் பையைத் திறந்து தர்மராஜின் சீட்டை எடுத்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அதை அடித்தார். டம்ளரில் மிச்சமிருந்த கஞ்சியைச் சுண்டு விரலால் தொட்டுச் சீட்டில் தடவி, அந்த ஒற்றை மணியை அதன் மேல் வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் பூவாயி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி, சொன்னவர் பூவாயி, திருவிடந்தை என்று போட்டார். அப்புறம் தர்மராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, மூவாயிரமும் இருக்கும், மன்னித்துவிடுங்கள் என்றார். தர்மராஜ் பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அழுதார்.

என் எண்சுவடியில் இம்மிக்குக் கீழேயும் எண்கள் உண்டு. அணு, குணம் என்று இன்னும் எத்தனையோ படி இறங்கும். பன்னிரண்டு வருஷமாக அதையும் சொல்லித்தான் தர்மராஜை மடக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. பூவாயி காலித் தூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை விழுங்கிவிட்டு, என் டம்ளரின் அடியில் இருந்த கஞ்சியை விரலால் வழித்துக் குடித்தேன்.