எழுத்துகளுக்கு வாங்கிய செங்கல்

1

இந்தக் கதை ஒரு ஃபோன் அழைப்பில் பிறந்தது. போன மாதம் ஒரு பத்திரிகைக்கு வேறொரு கதை அனுப்பியிருந்தேன். ஆசிரியர் கூப்பிட்டார். "கதை வந்துச்சு சார். முழுக்கக் கட்டம் கட்டமா இருக்கு. புது முயற்சிதானே? அப்படியே போட்டுடலாமா?" என்றார். நான் பயன்படுத்திய எழுத்துரு அவர் கணினியில் இல்லை. என் கதாநாயகி, அவள் மாமியார், இருவருக்கும் நடந்த சண்டை எல்லாமே காலிக் கட்டங்களாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அது மனுஷனுக்குப் பிடித்தும் போயிருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மாடி வீட்டில் கணினியில் கட்டட வரைபடம் போடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் போய்ப் புலம்பினேன். "உங்களுக்குக் கட்டம்தானே வந்துச்சு? எனக்குச் செங்கல்லே வந்துச்சு சார்," என்று சிரித்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்க, உள்ளே ஓடிவிட்டாள். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவளிடம் போய்க் கேட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "அலுவலக ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்த அந்த..." வேண்டாம். மழையை வைத்தே எத்தனை கதைக்குப் பிழைப்பை ஓட்டுவது?

இரண்டாம் தொடக்கம்: "எழுத்து என்பது ஒலியா, உருவமா என்ற ஆதிக் கேள்வி..." (என் மனைவி இதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

மூன்றாவது இது: அவள் பெண்தான் என்றாலும் வேலையின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். கட்டுமான இடத்திலோ அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவள் அலுவலகம் ஒரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு பகுதி முடியும் நிலை, மறு பகுதியில் இப்போதுதான் சுவர் எழுப்ப வேண்டும். வரைபடத்தில் குறிப்புகள் அலுவலக மொழியில் மட்டுமே இருந்தன. 'இந்தச் சுவருக்குள் மின்கம்பி போகிறது, துளையிடாதே' என்பதும் அதில்தான் இருந்தது. டைல்ஸ் போடுகிறவர் அங்கே துளையிட்டார். உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அவர் எழுத்தறியாதவர் இல்லை. தம் மொழியில், வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தில், தினமும் செய்தித்தாள் படிக்கிறவர்.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு குறிப்பையும் மூன்று மொழியில் எழுத ஆரம்பித்தாள்: அலுவலக மொழி, தமிழ், டைல்ஸ்காரர் மொழி (அதை மட்டும் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கினாள்). யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதினாள். ஆனால் அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துருக்கள் இல்லை. தாள் முழுக்க ???? என்று வந்து சேர்ந்தது. மேஸ்திரி ஃபோன் செய்தார். "அம்மா, நீங்க எங்களைக் கேள்வி கேக்குறீங்களா, இல்ல நாங்க உங்களைக் கேக்கணுமா?"

3

(இங்கே கொஞ்சம் தொழில் விஷயம். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், ஒரே பத்திதான்.)

வரைபட மென்பொருளில் எழுத்தை உடைத்து வெறும் கோடுகளாக்க ஒரு கட்டளை உண்டு. அதன்பின் அதற்கு எழுத்துரு தேவையில்லை. எந்தக் கணினியில் திறந்தாலும், எங்கே அச்சிட்டாலும் போட்டது போட்டபடி வரும். ஒரே குறை, அதைத் திருத்த முடியாது. கணினியைப் பொறுத்தவரை அது 'துளையிடாதே' இல்லை, சுவர், கதவு போல அதுவும் கோடு. அவள் எல்லாக் குறிப்புகளையும் உடைத்தாள். அடுத்த தாள் பளிச்சென்று போய்ச் சேர்ந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் காரணமில்லாமல் சிரித்தாள்.

4

அவள் கணவரும் அதே அலுவலகம்தான். வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு செங்கல், எவ்வளவு சிமெண்ட் என்று கணிப்பது அவர் வேலை. மேஸ்திரி இந்த முறை அவரைக் கூப்பிட்டார்.

"சார், லாரி லாரியா இறக்கியாச்சு. இன்னொண்ணு வாசல்ல நிக்குது. இத்தனை கல்லுக்குச் சுவரு எங்க சார்?"

கணவரும் மனைவியும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். வரைபடம் பார்வைக்கு ஒரே தாள்தான். உள்ளே கண்ணாடித் தாள்களை அடுக்கினாற்போல் சுவருக்கு ஓர் அடுக்கு, கதவுக்கு ஓர் அடுக்கு, குறிப்புக்கு ஓர் அடுக்கு. அவள் எழுத்துகளை உடைத்தபோது சுவர் அடுக்கில் நின்றிருக்கிறாள். உடைந்த கோடெல்லாம் அங்கேயே விழுந்துவிட்டது. அவர் 'சுவரின் மொத்த நீளம்' என்று கேட்டார், கணினி எழுத்துகளையும் சேர்த்துக் கூட்டிக் கொடுத்தது.*

"அப்ப நான் எழுத்துக்கெல்லாம் செங்கல் வாங்கியிருக்கேனா?"

"தொகை கூடுதலா இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு. மிஷின் சொல்லுதேன்னு விட்டுட்டேன்."

* வரைபடத்தில் கட்டடம் நிஜ அளவில் இருக்கும், எழுத்தும் அதற்கேற்ப முழ உயரம் நிற்கும். நம் 'ணை'யை அவிழ்த்து நீட்டினால் ஒரு குளியலறைச் சுவருக்கு ஆகும். மற்ற மொழிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டாம்.

5

கணவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவரை முதலில் கத்தவிட்டேன். பொருந்தவில்லை. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"கூட்டல் தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன். உன் எழுத்துன்னு தெரிஞ்சா நம்ம முதலாளியம்மா முதல்ல அதைத்தான் தூக்குவாங்க."

"ஏங்க, உங்க வேலை போயிடும்."

"போனா வேற வேலை. அந்த டைல்ஸ்காரர் விரலை யாரு குடுப்பா?"

(என் மனைவி: "இப்படியொரு புருஷன் எந்த ஊர்ல இருக்கான்? விலாசம் குடுங்க.")

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நேரே முதலாளியம்மா அறைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். முதலாளியம்மா பெரிய மனசு படைத்தவர், சின்னப் பொறுமை உடையவர். இவளையோ இவள் கணவரையோ திட்டவில்லை. "கல்லைத் திருப்பி அனுப்பிக்கலாம். ஆனா ஒரே மொழி போதும். மத்ததை இன்னிக்கே எடுத்துடு."

"அடுக்கு மாத்திட்டேன் மேடம். இனிமே எழுத்தை உடைக்க மாட்டேன். எழுத்துருவையும் படத்தோட சேர்த்தே அனுப்பிடறேன். இந்தத் தப்பு திரும்ப வராது."

"வேற தப்பு வரும். எடுத்துடு."

அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். "எடுத்துடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சைட்டுக்கு வாங்க," என்றாள்.

6

கட்டுமான இடத்தில் செங்கல் மலைபோல் குவிந்திருந்தது. அதைப் பார்த்ததும் முதலாளியம்மாவின் முகம் இன்னும் கடுத்தது. முடியும் நிலையில் இருந்த பகுதிக்குள் நுழைந்தார்கள். டைல்ஸ்காரர் அவர்களுக்கு முதுகு காட்டி நின்றார். சுவரில் துளைக்காகப் பென்சிலில் ஒரு புள்ளி. பக்கத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தில் மடங்காத விரல்களை வைத்து, வலமிருந்து இடமாக, மெதுவாகப் படித்துக்கொண்டு போனார். நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அளவு நாடாவை எடுத்து அளந்தார். பென்சில் புள்ளியைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதுப் புள்ளி வைத்தார். பிறகு துளைக்கருவியைக் கையில் எடுத்தார்.

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. யார் வந்திருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. துளையிடும் சத்தம் நிற்கும்வரை முதலாளியம்மா அசையவில்லை.

7

முடிவுகள். ஒன்று, முதலாளியம்மா கண் கலங்குகிறார். (மாட்டார். எனக்கு அவரைத் தெரியும், நான்தானே படைத்தேன்.) இரண்டு, "சரி, எல்லாம் இருக்கட்டும்" என்கிறார். (சட்டென்று ஒப்புக்கொண்டால் ஐந்தாம் பகுதியில் அத்தனை பிடிவாதம் எதற்கு?) மூன்று, செங்கலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் காரில் ஏறு... இதையும் பாதியில் விட்டுவிட்டேன். மனசு வரவில்லை.

நேற்று மாடிப்படியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கையில் சுருட்டிய வரைபடம். ஓரத்தில் எனக்குத் தெரியாத ஓர் எழுத்து, வலமிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய தாளா, புதியதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகவே கதையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: துளையிடும் சத்தம் நின்றது. முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பி, "அந்தக் குறிப்பையெல்லாம்

இந்த வரியை நான் உடைத்துக் கோடாக்கவில்லை. எழுத்தாகவே இருக்கிறது, தொடரலாம், திருத்தலாம். நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள்.